போர்க்காலமும் செய்தியும்

தமிழ்ச் சொற்களுக்கிடையே ஒரு ஜெர்மானியக் கப்பல் குடியேறி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. துணிவும் தந்திரமும் ஒருங்கே வாய்ந்த ஒருவனைக் கண்டால், "அவன் சரியான எம்டன்" என்று நம்மவர் சொல்கின்றனர். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் பனவடலிசத்திரத்தில், பனையையும் புஞ்சையையும் அன்றிக் கடலைக் கண்டறியாத முதியோர் பலர் அச்சொல்லை வழங்கக் கேட்டிருக்கிறேன். எம்டன் என்பது மனிதனா, ஊரா, கப்பலா என்று கேட்டால் அவர்களிடம் விடை கிடைப்பதில்லை. உண்மையில் அது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக் கரையோரம் வந்தது; சற்று நேரத்தில் திரும்பிப் போனது. போன கப்பல் சொல்லாக இங்கேயே தங்கிவிட்டது.

பாடநூல்களில் இந்நிகழ்ச்சிக்கு இரண்டு வரி கிடைத்தால் அதுவே பெரிது. ஆயினும், போர்க்காலத்தில் செய்தி என்னவாகிறது, எதை மறைப்பது அரசின் கடமை, எதை மறைப்பது அரசின் தவறு என்று ஆராய விரும்பும் மாணவர்க்கு இதைவிட நல்ல தொடக்கம் நம் நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு திங்களும் நிறையவில்லை. கார்ல் வான் முல்லர் என்னும் தளபதியின் கீழ் எம்டன் வங்காள விரிகுடாவில் தனியாக உலவிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள்; நான்கு புகைபோக்கிகள் கொண்ட ஆங்கிலேயக் கப்பல் போலத் தோன்றும் பொருட்டுப் பொய்யாக ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தனர். வணிகக் கப்பல்களைப் பிடிப்பதும், மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடிப்பதும் அதன் தொழில். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கும் அக்காலத்தில் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் இருந்தது. ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. இறந்தவர்கள் மிகச் சிலரே. உயர்நீதிமன்றச் சுவரருகே அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று இன்றும் இருக்கிறது.

குண்டுகளால் விளைந்த கேட்டைக் காட்டிலும், அடுத்த நாட்களில் விளைந்த அச்சமே பெரிது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் புகைவண்டி நிலையங்களை மொய்த்தனர். எம்டன் மீண்டும் வருகிறது என்றனர் சிலர். ஜெர்மானியர் கரையிறங்கிவிட்டனர் என்றனர் வேறு சிலர். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. அரசின் வாய் மூடிக்கிடக்கும் வேளையில் ஊர்வாய் இன்னும் அகலமாகத் திறக்கும் என்பதை அப்பழமொழியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே நாம் அரசின் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பிடிபட்ட கப்பல்களில் எம்டன் மாலுமிகள் முதலில் தேடிய பொருள்களுள் செய்தித்தாளும் ஒன்று. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, எது என்று புறப்படும் என்னும் விவரங்கள் இந்தியச் செய்தித்தாள்களில் அந்நாள் வழக்கப்படி வெளியாகி வந்தன. வணிகருக்கு அவை வேண்டும், பயணிகளுக்கும் வேண்டும். பகைவனுக்கும் அவையே வேண்டியிருந்தன என்பதைப் போர் வந்த பின்னரே ஆட்சியாளர் முழுமையாக உணர்ந்தனர்.

இதற்கு மறுபக்கத்தைக் கோகோஸ் தீவுகளில் காண்கிறோம். 1914 நவம்பர் 9ஆம் நாள், அத்தீவுகளில் ஒன்றில் இருந்த கம்பித்தந்தி, கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கியது. ஐயத்துக்குரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தியை நிலையத்தார் அதற்குள் வானில் விட்டுவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய பெருங்கப்பல் தொகுதி ஒன்று அப்போது அருகிலேயே சென்றுகொண்டிருந்தது. அதன் புறப்பாடு மிக இரகசியமாக வைக்கப்பட்டிருந்தமையால் எம்டனுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. அத்தொகுதிக்குக் காவலாக வந்த 'சிட்னி' என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனைச் சிதைத்தது. கப்பல் புறப்பாட்டை அச்சிட்ட செய்தித்தாள் எம்டனுக்கு உணவளித்தது. கப்பல் புறப்பாட்டை மறைத்த இரகசியம் அதன் வாழ்வை முடித்தது. போர்க்காலத்தில் மறைப்பே கூடாது என்று சொல்லும் இளைஞர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதை மறைக்கலாம்? 'யாரிடமிருந்து மறைக்கிறோம்?' என்று கேட்பதே அதை அளக்கத்தக்க கோல். நாளை புறப்படும் கப்பலைப் பகைவன் அறியான். ஆகவே அதை மறைப்பதில் பொருள் உண்டு. நேற்று எரிந்த எண்ணெய்த் தொட்டியை அவன் நன்கு அறிவான், எரித்தவன் அவனே. அதை மறைத்தால், மறைக்கப்படுவது சொந்த மக்களிடமிருந்துதான். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரும் வரலாற்றைப் பார்க்க வேண்டுகிறேன்.

எம்டனைப்பற்றி இன்னும் ஒரு செய்தி. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்றும், சென்னைமீது குண்டு வீசச் செய்தவர் அவரே என்றும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் பெரிய தேசபக்தர்; ஐரோப்பாவில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு உழைத்தவர். ஆனால் 1914ஆம் ஆண்டின் அம்மாதங்களில் அவர் சுவிட்சர்லாந்திலும் பின்னர் ஜெர்மனியிலும் இருந்தார். கப்பலில் இருந்தமைக்குச் சான்று இல்லை. போர்க்கால வதந்தி போரோடு சாவதில்லை. அதற்கு நல்ல நாயகன் ஒருவன் கிடைத்துவிட்டால் நூறாண்டு வாழும். செண்பகராமனின் உண்மையான பணிக்கு இந்தக் கதை பெருமை சேர்க்கவில்லை. அதை மறைத்துவிட்டது என்றே சொல்வேன்.

இனிச் சட்டத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். செய்தியைச் சுமக்கும் கருவி மாறும்போதெல்லாம் அதைக் கட்டும் கயிறும் மாறி வந்திருக்கிறது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ தந்தியை இடைமறிக்கவும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் இரகசியத்தைத் தருபவனை மட்டுமன்றிப் பெறுபவனையும் குற்றவாளியாக்கிற்று. வியப்பு என்னவெனில், இரகசியம் என்றால் என்ன என்று அச்சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. அதன்படி உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதே குற்றம். என் இளமையில்கூட வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்று வருவார்கள். பாட்டுக் கேட்பதற்கு அரசிடம் உரிமம் வாங்குவானேன் என்று இன்றைய மாணவன் நகைப்பான். சட்டம் இயற்றியோர் பாட்டை நினைத்து அதை இயற்றவில்லை.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே திங்களிலும் ஒலிபரப்பைத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மனியில் போர் தொடங்கிய அன்றே அயல்நாட்டு வானொலியைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. கேட்டதைப் பரப்பியவனுக்கு மரண தண்டனையும் விதிக்க இடம் இருந்தது. இந்தியாவிலோ இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் செய்தி அனைத்தின்மீதும் நிழல் போலப் படர்ந்தன. 1940 அக்டோபரில், போருக்கு எதிர்ப்பை வளர்க்கும் எதையும் அச்சிடக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழை நிறுத்திக்கொண்டார். நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் தில்லியில் கூடி அகில இந்தியப் பத்திரிகை ஆசிரியர் மாநாட்டை நிறுவினர். அதன் முதல் தலைவர் 'இந்து' நாளிதழின் கஸ்தூரி சீனிவாசன். போர் முயற்சிக்கு நாங்கள் இடையூறு செய்யோம், அரசு எங்கள் கையைக் கட்ட வேண்டா என்ற முறையில் ஓர் உடன்பாடு பிறந்தது. இருவரும் ஒருவரையொருவர் முழுதும் நம்பவில்லை; எனினும் ஓரளவு நடந்துகொண்டனர். போர்க்காலச் செய்திக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நம் வரலாற்றில் நான் காணவில்லை. அது நீடிக்கவில்லை என்பது வேறு.

1942ஆம் ஆண்டு பிறந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. இவ்விரண்டும் தமிழனுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்திகள் அல்ல. மலேயாத் தோட்டங்களிலும் ரங்கூன் துறைமுகத்திலும் பர்மாவின் நெல்வயல்களைச் சார்ந்த வட்டிக்கடைகளிலும் இருந்தவர்கள் இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் மக்கள். காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியவர்கள் பலர். வழியில் மாண்டவர்களும் பலர். திரும்பியவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அரசின் அறிக்கையோ, படைகள் திட்டப்படி பின்வாங்கின என்ற தோரணையிலேயே இருந்தது. கால் வீங்கி, கைப்பொருள் இழந்து திண்ணையில் வந்து அமர்ந்தவன் சொல்லும் செய்திக்கும், செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்த செய்திக்கும் இடையே முரண்பாடு தோன்றினால், ஊர் எதை நம்பும்? அரசின் சொல்லின்மீது இருந்த நம்பிக்கை சென்னைமீது ஒரு குண்டும் விழுவதற்கு முன்பே தேய்ந்துவிட்டது.

ஏப்ரல் வந்தது. 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திரிகோணமலை தாக்கப்பட்டது. 'ஹெர்மிஸ்' என்னும் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. வங்காள விரிகுடாவில் சில நாட்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அழிந்தன. படையெடுப்பு அணித்தாக உள்ளது என்ற இராணுவத் தகவலை நம்பிய சென்னை அரசு, இன்றியமையாத பணி இல்லாதவர்கள் நகரை விட்டு அகல்வது நலம் என்ற கருத்துப்பட மக்களுக்கு அறிவித்தது. ஆளுநர் சர் ஆர்தர் ஹோப். அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. பள்ளிகள் மூடின. மிருகக்காட்சிச் சாலையின் புலி, சிங்கம் முதலிய கொடிய விலங்குகள், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியேறிவிடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன.

அகலுங்கள் என்று சொன்ன அரசு, ஏன் அகல வேண்டும் என்பதை விளங்கச் சொல்லவில்லை. சில நாட்களில் நகரம் வெறிச்சோடியது. புகைவண்டியில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். பின்னாளில் சென்னைக் குடும்பங்களில் 'இவாக்குவேஷன்' என்ற ஆங்கிலச் சொல் பாட்டிமாரின் வாயிலும் சரளமாகப் புழங்கிற்று. அதற்கு முன் பிறந்த பிள்ளை, பின் பிறந்த பிள்ளை என்று வயதைக் கணக்கிட்டவர்களும் உண்டு.

படையெடுப்பு வரவில்லை. 9ஆம் நாள் தாக்குதலை முடித்த ஜப்பானியக் கடற்படை கிழக்கே திரும்பிவிட்டது. சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில் அஞ்சத்தக்க கப்பல்கள் மலாக்கா நீரிணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இதை அரசு அறிந்து மறைத்தது என்று நான் சொல்லவில்லை; அரசுக்கே தெரியாது. ஆனால் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று மக்களிடம் பிரித்துச் சொல்லும் பழக்கம் அவ்வரசுக்கு இல்லை. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததைப் போட்டவனே அறிவான். எத்தனை விமானம், எவ்வளவு சேதம் என்பதை உடனே ஒளிவின்றிச் சொல்லியிருந்தால், சென்னையில் அந்த ஒன்று பத்தாகி, பத்து நூறாகி வளர்ந்திராது. எம்டன் வந்துபோன பின் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் 28 ஆண்டுகள் கழிந்தும் கற்கப்படாமல் இருந்தது.

வெற்றிடத்தை நிரப்பப் பகைவனின் வானொலி காத்திருந்தது. டோக்கியோவிலிருந்தும், பின்னர் சைகோன், சிங்கப்பூர், ரங்கூன் ஆகிய இடங்களிலிருந்தும் இந்திய மொழிகளில் ஒலிபரப்பு வந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டிகூட இல்லாத காலம் அது. ஆனால் பெட்டி உள்ள வீட்டின் ஒரு சாளரம் போதும். இரவில் காதோடு காதாகக் கேட்டது மறுநாள் சந்தையில் விலையாயிற்று. அந்த ஒலிபரப்பிலும் பொய் நிறைய இருந்தது. ஆயினும் நம் வானொலி சொல்லாத சில மெய்களும் அதில் இருந்தமையால், மெய்யைக் கேட்கப் போனவன் பொய்யையும் சேர்த்து வாங்கி வந்தான். மெய்யை மறைப்பதால் விளையும் பெருங்கேடு இதுவே எனலாம்.

ஆகஸ்டு 8இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. இயக்கத்தைப்பற்றிய செய்திகள் அரசு ஏற்ற வழிகளில் வந்தாலன்றி அச்சேறக்கூடாது என்று தடை பிறந்தது. லக்னோவின் 'நேஷனல் ஹெரால்டு' முதலிய ஏடுகள், தணிந்து அச்சிடுவதினும் அச்சிடாதிருப்பதே மேல் என்று நின்றுவிட்டன. அதே திங்களில் பம்பாயில் உஷா மேத்தா என்னும் 22 வயதுக் கல்லூரி மாணவி தோழர்களுடன் சேர்ந்து காங்கிரஸ் வானொலி என்னும் மறைமுக நிலையத்தை நடத்தத் தொடங்கினார். இடம் மாற்றி இடம் மாற்றி ஒலிபரப்பி, நவம்பர் 12ஆம் நாள் பிடிபட்டார். சிறைத்தண்டனை நான்காண்டு. கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933இல் யாரை நினைத்து இயற்றப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

அந்நாளில் 'தினமணி'யின் ஆசிரியராக இருந்தவர் தென்காசியில் பிறந்த டி. எஸ். சொக்கலிங்கம், இன்று எங்கள் ஊரும் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால் இதைச் சற்றுப் பெருமையோடு சொல்கிறேன். படிப்பறிவு குறைந்தவனுக்கும் விளங்கும் தமிழில் அரசியலை எழுதிக் காட்டியவர் அவர். டால்ஸ்டாயின் போர் பற்றிய பெருநாவலைத் தமிழில் 'போரும் வாழ்வும்' என்று தந்தவரும் அவரே. தென்பாண்டி நாட்டவரான சி. பா. ஆதித்தனார் 1942 நவம்பர் முதல் நாள் மதுரையில் 'தந்தி' என்னும் நாளேட்டைத் தொடங்கினார். போர் உச்சத்தில் இருந்த வேளையில் பிறந்த ஏட்டுக்கு அப்பெயர் பொருந்திற்று. ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தாலே அழுகை தொடங்கிய காலம் அது.

வங்காளத்துக்குச் செல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. 1943இல் அங்கே பஞ்சம். பர்மா அரிசி நின்றது; விலை ஏறிற்று; படகுகளையும் நெல்லையும் பகைவன் கையில் சிக்காதிருக்க அரசே அப்புறப்படுத்தியது. பஞ்சம் என்ற சொல்லை அச்சிடுவதே தடுக்கப்பட்டிருந்தது. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கிலேயருக்குரிய ஏடு. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயர். தடை சொல்லுக்குத்தான், படத்துக்கு அன்று என்பதை அவர் கண்டார். ஆகஸ்டு 22ஆம் நாள், கல்கத்தாத் தெருக்களில் பசியால் கிடந்தவர்களின் நிழற்படங்களை வெளியிட்டார். தில்லியும் லண்டனும் அதன்பிறகே விழித்தன. அதே ஆகஸ்டில் பர்மா அரிசியை அனுப்ப முன்வருவதாகச் சுபாஷ் சந்திர போஸ் வானொலியில் அறிவித்திருந்தார். அச்செய்தியை இந்திய ஏடுகள் பரப்ப இயலவில்லை. பகைவனுக்குத் தெரியும், பசித்தவனுக்குத் தெரியும், பக்கத்து மாகாணத்தானுக்கு மட்டும் தெரியாது என்ற நிலை. உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு இறப்பை 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் அதை 30 இலட்சம் வரை கணக்கிடுகின்றனர். சுதந்திரமான ஏடுகள் உள்ள மக்களாட்சி நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று அமர்த்தியா சென் பின்னாளில் வாதித்தார். ஒன்பது வயதுச் சிறுவனாக அவர் அப்பஞ்சத்தைக் கண்டவர்.

விடுதலைக்குப் பின் நிலை முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். 1962இல் சீனப்போரில் தோற்றோம். தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து லெப்டினண்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்சும் பிரிகேடியர் பகத்தும் 1963இல் அறிக்கை தந்தனர். அது இன்றளவும் அரசால் வெளியிடப்படவில்லை. அதில் உள்ளவை இன்றும் படைச் செயல்முறைக்கு மதிப்புடையவை என்று பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி 2010இல் நாடாளுமன்றத்தில் கூறினார். 2014இல் நெவில் மாக்ஸ்வெல் என்னும் பத்திரிகையாளர் அறிக்கையின் பெரும்பகுதியை இணையத்தில் வெளியிட்டுவிட்டார். அப்போதும் அரசு அதை வெளியிட்டதாகக் கொள்ளவில்லை. எந்தக் கணவாயில் எந்தப் படை எவ்வாறு தோற்றது என்பதை வென்ற சீனர் அறிவர். நம் மாணவர்களுக்கு அது ஏன் ஆகாது என்பதை யாரேனும் விளக்கினால் கேட்கக் காத்திருக்கிறேன்.

1971 டிசம்பரில் நான் சிறுவன். ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன் மாலைதோறும் கூட்டம் கூடும். கிழக்கு வங்கத்தில் நம் படைகள் முன்னேறும் செய்தியைக் கேட்டுக் கைதட்டுவோம். தில்லிச் செய்தி முடிந்ததும் பெரியவர்களில் சிலர் வேறு வீட்டுக்குப் போய் அயல்நாட்டு ஒலிபரப்பையும் கேட்டு வருவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் மறுநாள் அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அந்தப் போரில் பெரும்பாலும் ஒத்துப்போயின. நம் வானொலியின் சொல்லுக்கு அந்நாட்களில் உயர்ந்த மதிப்பு, ஒத்துப்பார்த்தவர்கள் வழியே வந்தது என்பதை வானொலியாருக்கு முன் சொல்வதில் தவறில்லை.

பின்னர்க் கருவி மீண்டும் மாறிற்று. 2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கிய கொடியவர்களை எல்லைக்கு அப்பால் இருந்து இயக்கியவர்கள், நம் தொலைக்காட்சிகளின் நேரடி ஒளிபரப்பைப் பார்த்துப் பார்த்து ஆணையிட்டனர். எந்த மாடியில் நம் வீரர் இறங்குகின்றனர் என்பது அவர்களுக்கு உடனுக்குடன் தெரிந்தது. உச்சநீதிமன்றம் 2012இல் அவ்வழக்கின் தீர்ப்பில் தொலைக்காட்சிகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல், இத்தகைய நடவடிக்கை முடியும்வரை நேரடி ஒளிபரப்புக் கூடாது, குறித்த அதிகாரி அவ்வப்போது தரும் விவரத்தோடு அமைய வேண்டும் என்று விதி வந்தது. கப்பல் புறப்பாட்டை அச்சிட்ட பழைய ஏடுகளின் கதையே மின்னல் வேகத்தில் மீண்டும் நடந்தது. அந்த விதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அது பகைவனிடமிருந்து மறைப்பது.

1885, 1933ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 ஜூன் 26 முதல் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. பொது நெருக்கடி என்ற பழைய சொல் அதிலும் இருக்கிறது. இடைமறிப்பதும் நிறுத்துவதும் இருக்கின்றன. இடையில் நேர்ந்த ஒரு மாற்றத்தைச் சட்டம் பயிலும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டு முதல் இணையம் நிறுத்தப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. இணையத்தை வரம்பின்றி நிறுத்துதல் ஆகாது. நிறுத்தும் ஆணையை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றது. மறைக்கலாம், ஆனால் மறைக்கிறோம் என்பதை மறைக்கக்கூடாது என்று இதை நான் மாணவர்களுக்கு விளக்குவதுண்டு.

2025 மே மாதப் போர் நாட்களை நீங்களே கண்டிருக்கிறீர்கள். மே 8ஆம் நாள் இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டது என்று தொலைக்காட்சிகள் சில முழங்கின. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1942இல் திண்ணையில் வளர்ந்த வதந்தியை இப்போது ஒளிவிளக்கின் முன் அமர்ந்து செய்தியாளரே வளர்த்தனர். இதற்கு எந்த அரசு ஆணையும் காரணம் அன்று. அரசின் சார்பில் நாள்தோறும் படை அதிகாரிகள் வந்து விவரம் கூறியது நல்ல ஏற்பாடு. நம் விமானங்கள் எவையேனும் வீழ்ந்தனவா என்ற கேள்விக்கு, மே 11ஆம் நாள், இழப்பு போரின் ஒரு பகுதி, விவரம் சொன்னால் எதிரிக்குப் பயன்படும் என்று விமானப்படையின் சார்பில் விடை வந்தது. போர் முழுவதும் அடங்கியிராத அந்த நாளில் அது ஏற்கத்தக்க விடை. மே 31ஆம் நாள் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான், சிங்கப்பூரில் அயல்நாட்டுச் செய்தியாளரிடம், விமானங்களை இழந்தது உண்மை என்றும், எத்தனை என்பதைக் காட்டிலும் ஏன் இழந்தோம் என்பதே முதன்மையானது என்றும், பிழையைக் கண்டு திருத்திக்கொண்டு மீண்டும் பறந்தோம் என்றும் கூறினார். நேர்மையான சொற்கள். மறுநாள் காலை நம்மூர்த் தேநீர்க் கடைகளில் அச்செய்தியை நாம் படித்தபோது, அது சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்திருந்தது.